மீனவர் வீட்டு மட்டக்குதிரைகள்

கனடாவின் கிழக்கே இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு என்றதும் நம்மில் பலருக்கு 1986 ஆகஸ்ட்தான் ஞாபகம் வரும். உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை அந்தக் கரையோர மீனவர்கள்தான் கண்டு கரைசேர்த்தார்கள். அந்த மீனவர்கள் எப்படிப் பிழைப்பு நடத்தினார்கள் என்று தேடிப் படிக்கப் போய்த்தான் அவர்கள் வளர்த்த நியூஃபவுண்ட்லாந்து போனி என்கிற மட்டக்குதிரைகள் பழக்கமாயின, அப்புறம் போன பனிக்காலத்தில் ஒரு பண்ணைக்கு நேரிலேயே போய்விட்டேன்.

அங்கே நின்ற குதிரையின் தோள் என் நெஞ்சுவரைதான் வந்தது. சின்னக் காது, அதற்குள் பஞ்சு அடைத்ததுபோல மயிர். கழுத்தில் கை வைத்தால் விரல் முழுக்க ரோமத்தில் புதைந்துபோகிறது. இந்த இனத்தில் சில குதிரைகளுக்குப் பருவத்துக்குப் பருவம் நிறமே மாறுமாம்.

அந்தக் காலத்தில் காட் மீனை மட்டும் நம்பினால் அங்கே வீடு நடக்காது. வசந்தத்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்தை உழ வேண்டும், கோடைத் தொடக்கத்தில் கேப்லின் என்கிற சின்ன மீன் கூட்டங்கூட்டமாகக் கரை ஒதுங்கும்போது அதையும் கடற்பாசியையும் வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு உரமாகக் கொண்டுபோக வேண்டும், நனைந்து கனத்த வலைகளை இழுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இந்தக் குதிரைதான். ஆண்கள் மீன்பிடியில் மும்முரமாக இருக்கும் கோடையில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள், மேட்டு நிலங்களில் கூட்டமாக மேய்ந்து திரியும். பனி விழுந்ததும் மறுபடி வேலை: அடுப்புக்கு விறகு, படகு கட்டவும் மீன் காயவைக்கும் பரண் போடவும் மரம், எல்லாம் சறுக்குவண்டியில் காட்டிலிருந்து வரும்.

1970களில் 12,000க்கு மேல் இருந்தவை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே போய்விட்டன. பனியில் ஓடும் ஸ்னோமொபைலும் கரடுமுரடான தரையில் ஓடும் ஏடிவி வண்டியும் வந்தது ஒரு காரணம் என்றால், அவிழ்த்துவிடக் கூடாது, வேலி போட்டு வளர்க்க வேண்டும் என்று வந்த சட்டங்கள் இன்னொன்று. கடலை நம்பிய குடும்பத்துக்கு மேய்ச்சல் நிலத்துக்கு எங்கே போவது? விற்றார்கள். நிறையக் குதிரைகள் கப்பலேறிக் கனடாவின் பெருநிலத்து இறைச்சிக்கூடங்களுக்குப் போயின. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வருஷம் முழுக்க வீட்டோடு உழைத்த ஜீவன்.

1997இல் மாகாண அரசு இதைப் பாரம்பரிய விலங்காக அறிவித்தது. இப்போது சில நூறு இருக்கின்றன.

நான் போன அன்று அந்தக் குதிரை ஒரு சுமை விறகு இழுத்து வந்தது. கட்டையெல்லாம் இறக்கி முடிக்கும்வரை அசையாமல் நின்றது, மூக்கோர மயிரெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது.