என் டோனைக் கொன்னுட்டீங்களே!

சினிமாப் பாட்டு மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்து, பழகிய காதுக்கு ராக் இசை முதலில் வெறும் இரைச்சலாகத்தான் படும். சினிமாவில் குரலுக்குத்தான் முதல் மரியாதை. ராக்கில் குரலும் டிஸ்டார்ஷன் போட்ட (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய) கிட்டார்களும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்) வரை ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். கீழே, 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம், காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் அதே தகராறு. ஸ்டுடியோவில் உட்கார்ந்து நான் பண்ணுவது பஞ்சாயத்துதான்.

பெரும்பாலும் எடுத்துவிடுகிற வேலை. கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்கும். வெட்டிய கிட்டாரை சோலோ போட்டு, அதாவது மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுத் தனியாக, கேட்டால் சப்பென்று இருக்கும். எல்லாவற்றோடும் சேர்த்தால் சரியாக உட்காரும். வாசித்த பையனுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "அண்ணா, என் டோனைக் கொன்னுட்டீங்களே!" "சோலோவை எடுத்துட்டுக் கேளுப்பா." சரி என்று அவன் கிட்டாரை ஏற்றினால் பாடகர் வருவார், அப்புறம் டிரம்மர். கடைசியில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடரும் மேலே போயிருக்கும், பாட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போதெல்லாம் யாராவது ஏற்றச் சொன்னால், மற்றதை ஒரு டெசிபல் இறக்கிவிடுகிறேன். கேட்டவருக்குத் திருப்தி.

எனக்குப் பிடித்தது ஸ்நேர், டிரம் செட்டில் சுள்ளென்று ஒலிக்கும் டிரம். மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக். குச்சி விழும்போது தோல் மேல் மைக்கிலிருந்து விலகும், அடித்தோல் கீழ் மைக்கை நோக்கி வரும். இரண்டு அலைகளும் எதிரெதிர். அப்படியே கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு சத்தம் மெலியும். கீழ் மைக்கின் போலாரிட்டியைத் திருப்ப வேண்டும், அதாவது அதன் அலையைத் தலைகீழாக்க வேண்டும், ஒரே ஒரு பட்டன். டிரம்முக்குக் கனம் வந்துவிடும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய, ஒலியைத் திருத்தும் பிளக்-இன் மென்பொருள் எதுவும் இவ்வளவு சுலபமாக இதைச் செய்ததில்லை.

எடிட்டிங்கில்தான் மனஸ்தாபம் வரும். ஒரு பாட்டில் டிரம்மர் சரணத்திலிருந்து கோரஸுக்குப் போகும்போது கொஞ்சம் முந்தினார். எல்லா அடியையும் கிரிட்டில், திரையில் தாளத்தைத் துல்லியமாகக் குறிக்கும் கோடுகளில், ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன், சுத்தமாக இருந்தது, சூடு போய்விட்டது. பேஸ் கிட்டாரோடு சேராத கிக் அடிகளை மட்டும் நகர்த்தி, முந்தலை அப்படியே விட்டு இன்னொன்று செய்தேன். சத்தம் கூடினாலே எதுவும் நன்றாகத் தோன்றும் என்பதால், இரண்டையும் ஒரே அளவில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் போட்டேன். பாடகர் கிரிட் வெர்ஷன் பக்கம்; டிரம்மரும் மற்றவர்களும் இன்னொன்றின் பக்கம். டீ குடித்துவிட்டு வந்தும் வாக்குவாதம் ஓயவில்லை. மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகேற்றலுக்குப் போனது முந்துகிற வெர்ஷன்தான்.