12 தேர்வுகளை எப்படி அடுக்குவது? எஸ்.டி.பி.எம். முடித்தவர்களுக்கும் பெற்றோருக்கும்

படிவம் ஆறின் எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்தவர்கள், மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. என்ற பொது விண்ணப்பத்தில் 12 படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற நகரங்களில் இந்தப் பன்னிரண்டும் பல வீடுகளில் ஒரே ராத்திரியில், கைப்பேசியில், டேட்டா தீர்வதற்குள் நிரப்பப்படுகின்றன. முதல் மூன்றில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம். மிச்ச ஒன்பதில் கண்ணில் பட்டதெல்லாம். முடிவு வந்து ஒன்பதாவது கிடைத்த பிறகுதான் "இது என்ன படிப்பு?" என்று வீட்டில் கேள்வி எழும். யு.பி.யு. ஒருவருக்கு ஓர் இடம்தான் தரும். அது நீங்கள் சும்மா போட்டு வைத்த இடமாகவும் இருக்கலாம்.

முதலில் கணக்கைப் போடுங்கள். சேர்க்கைக்கான மதிப்பெண்ணான மெரிட் 100-இல் 90 தேர்வு முடிவுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. பி.என்.ஜி.கே.யை, அதாவது எஸ்.டி.பி.எம். தரப்புள்ளிச் சராசரியை, 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் முதல் பகுதி வந்துவிடும். 3.50 எடுத்தவருக்கு 78.75. புறப்பாடத்தில் 8 இருந்தால் மொத்தம் 86.75.

புறப்பாடம் வெறும் பத்துதானே என்று நினைக்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பி.என்.ஜி.கே. நான்கு பாடங்களின் சராசரி. அதில் பெங்காஜியான் அம் என்ற பொதுப் பாடம் கட்டாயம். ஒரு பாடத்தில் பி பிளஸ் (3.33) ஏ மைனஸாக (3.67) உயர்ந்தால் சராசரி 0.085 கூடும். மெரிட்டில் அது 1.91 மதிப்பெண். புறப்பாடத்தில் 6-க்குப் பதில் 8 கிடைத்தால் கூடுவது 2. அதாவது ஒரு பாடத்தில் ஒரு படி ஏறுவதற்குப் பட்ட பாடு முழுவதும், அலமாரியில் கிடக்கும் சான்றிதழ்களைப் பொறுப்பாசிரியரிடம் நேரத்தோடு கொடுக்காததால் கரைந்துவிடலாம். சீருடை இயக்கம், சங்கம், விளையாட்டு மூன்றிலும் பதிவு இருக்கிறதா, மாவட்ட, மாநில அளவிலான பங்கேற்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று படிவம் ஆறில் இருக்கும்போதே கேளுங்கள். பள்ளியை விட்டு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது தகுதி. பொதுத் தகுதி எல்லாருக்கும் தெரியும்: படிவம் ஐந்து தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய் மொழிக்குக் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, பி.என்.ஜி.கே. 2.00, பெங்காஜியான் அம்மிலும் வேறு இரண்டு பாடங்களிலும் குறைந்தது சி, கூடவே எம்.யு.இ.டி. ஆங்கிலத் தேர்வு. ஆட்களைக் கவிழ்ப்பது ஒவ்வொரு படிப்பின் கீழும் இருக்கும் 'ஷாராட் காஸ்' என்ற சிறப்புத் தகுதிதான். எஸ்.டி.பி.எம்.மில் 3.80 எடுத்த கலைப்பிரிவு மாணவி கணக்கியலுக்குப் போடுகிறார் என்று வையுங்கள். அந்தப் படிப்பு எஸ்.பி.எம். கணிதத்தில் கேட்கும் கிரேடு அவரிடம் இல்லையென்றால் 3.80 அந்த இடத்தில் செல்லாது. எனவே ஒவ்வொரு தேர்வுக்கும் எஸ்.பி.எம். சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு படிப்புக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டுக்கு மூன்று மணி நேரம். ஒரே ராத்திரியில் அவசரமாக நிரப்பக் கூடாது என்பது இதனால்தான்.

இணைய வழிகாட்டியில் பல படிப்புகளுக்கு 'புராத்தா மார்க்கா மெரிட்' என்று ஓர் எண் இருக்கும். அதைக் கட்-ஆஃப் என்று படிப்பது பரவலான தவறு. அது சராசரி. அதற்குக் கீழே இருந்தவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள். மேலும் அது போன முறையின் கணக்கு. உங்கள் மெரிட் 86.75 என்றால், சராசரி 89, 90 உள்ளவற்றில் மூன்று, 85 முதல் 88 வரை ஐந்து, 85-க்குக் கீழே நான்கு என்று பிரிக்கலாம். அடுக்கும்போது விருப்பம்தான் முதலில். எண்ணை வைத்து மட்டும் அடுக்காதீர்கள். ஆனால் பன்னிரண்டும் 95-க்கு மேல் இருந்தால் அதை ஆசைப் பட்டியல் என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவதிலும், கிடைத்தால் போய்ப் படிப்பேன் என்கிற படிப்பையே போடுங்கள்.

இனி, பெயரைப் பார்த்து ஏமாறும் இடம். இதில்தான் நம் பிள்ளைகள் மூன்று நான்கு வருடங்களைத் தொலைக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே.

பொறியியலும் பொறியியல் தொழில்நுட்பமும் ஒன்றல்ல. உத்தேம், உத்தும் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இரண்டும் அருகருகே இருக்கும். பட்டத்தின் பெயரில் 'தெக்னோலோகி' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவது பொறியியல் அங்கீகார மன்றத்தின் கீழ் வருவது; முடித்தவர் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். இரண்டாவதற்கு அங்கீகாரம் தருவது வேறு மன்றம். அதை முடித்தவர் தொழில்நுட்பவியலாளர் என்ற பெயரில் பதியலாம். இரண்டாவது மட்டமானது என்று சொல்லவில்லை. செய்முறையில் கை ஓடுகிறவருக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உயிரியல் மருத்துவம் என்ற 'பயோபெருபாத்தான்' மருத்துவருக்கான படிப்பு அல்ல, ஆய்வுக்கூடம் சார்ந்தது. அதில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் மருத்துவத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நம்பிப் போகாதீர்கள். உளவியல் பட்டம் மட்டும் இருந்தால் ஒருவர் பதிவு பெற்ற ஆலோசகர் ஆகிவிட முடியாது. அதற்கு 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் வாரியம் ஏற்ற கவுன்சலிங் படிப்பு வேண்டும்.

தமிழ் படிக்க விரும்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், ஏனென்றால் மூன்று வழிகள் மூன்று திசைகளில் போகின்றன. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. இலக்கியம், பண்பாடு, வரலாறு அதன் களம். அதே வளாகத்தில் மொழி, மொழியியல் புலத்தில் உள்ள தமிழ் மொழியியல் வேறு படிப்பு. அங்கே ஒலியனும் தொடரமைப்பும்தான் சாப்பாடு. ஆசிரியராக வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழிக் கல்வி. அதற்கு நேர்காணல் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கான இன்னொரு வாசல், பி.ஐ.எஸ்.எம்.பி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டப்படிப்பு, எஸ்.பி.எம். முடிவோடு விண்ணப்பிப்பது; யு.பி.யு.வில் அதைத் தேடிப் பயனில்லை. தங்கை, தம்பி படிவம் ஐந்தில் இருந்தால் அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு துறையை முதல் தேர்வாகப் போடுமுன் அதன் விரிவுரையாளர்கள் எதை ஆய்வு செய்கிறார்கள் என்று துறையின் பக்கத்தில் பாருங்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு உங்களை வழிநடத்தப் போவது அவர்கள்தான். முதுகலையில் இது இன்னும் முக்கியம். பாடநெறி முதுகலை என்றால் 40 கிரெடிட், வகுப்பு, தேர்வு என்று ஓடிவிடும். வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு அதுதான் தோது. ஆய்வு முதுகலையில் மேற்பார்வையாளர் கிடைக்கவில்லை என்றால் மற்ற எதுவும் நகராது. முதலில் அவருக்கு இரண்டு பக்க ஆய்வு முன்வரைவு அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையையே ஆராய வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி ஆய்வுக்கென்றே 1997-இல் தொடங்கப்பட்ட கழகம் இருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் பதிவு நாளன்றே கைக்கு வராது. கட்டணம், விடுதி, பாய் தலையணை எல்லாம் அதற்கு முன்பே. எஸ்.டி.ஆர். என்ற அரசு ரொக்க உதவி பெறும் குடும்பம் என்றால் 1,500 வெள்ளி முன்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடனுக்கு மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், வாய்ப்புக் கடிதம் வரும்வரை காத்திராமல் திறந்து வையுங்கள். சபா, சரவாக் இடங்களைப் போடுமுன் தீபாவளிக்கு வந்து போகும் விமானச் செலவையும் கணக்கில் எடுங்கள். தஞ்சோங் மாலிமுக்கு நம் சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'சாலுரான் தெருஸ்' போன்ற நேரடிச் சேர்க்கை யு.பி.யு. அல்ல, கட்டணம் பல மடங்கு. உறவினர் யாராவது "மலாயா யுனிவர்சிட்டியில் இடம் இருக்கிறதாம்" என்று வந்து சொன்னால், எந்த வழியில் என்று முதலில் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் மாணவருடையதாக இருக்கட்டும். சைபர் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்தால் நேர்காணல் அழைப்பு அவருக்குத்தான் போகும். ப்ரீபெய்ட் சிம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தால் கடிதம் கிராணியின் மேசையில் கிடக்கும். அதை நம்பி உட்காராமல் விண்ணப்பத் தளத்தில் வாரத்துக்கு இரண்டு முறை நுழைந்து பாருங்கள். முடிவு வந்ததும் ஏற்றுக்கொள்வதற்கும் கெடு உண்டு, மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு. இரண்டும் குறுகியவை. மாணவரின் அடையாள அட்டை எண், கடவுச்சொல், அனுப்பிய விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, கோப்பு எங்கே இருக்கிறது என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.