திருப்பி விட்ட மீனும் கணக்கில் வர வேண்டும்

மே மாதம் பாதி தாண்டினால் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் தூக்கம் போய்விடும். காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை அடி, ஃப்ரீபோர்ட்டிலிருந்து யார் படகு கிளம்புகிறது, இரைக்குக் கணவாய் வாங்கியாச்சா என்று நள்ளிரவு தாண்டியும் செய்தி வந்துகொண்டே இருக்கும். ஹூஸ்டனைச் சுற்றியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் மீன்பிடிக் குழு. ஜூன் 1-ஆம் தேதி ஃபெடரல் கடலில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் கடலில், ரெட் ஸ்னாப்பர் மீன் சீசன் திறக்கும். சென்னை மீன் கடைகளில் சங்கரா என்று வாங்குவோமே, அதைப் போன்ற சிவப்பு மீன். இங்கே இருபது பவுண்டு வரைக்கும் சாதாரணமாக வளரும்.

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இவ்வளவு பெட்ரோல் ஊத்தி அம்பது மைல் போறோம், ஆளுக்கு ரெண்டு மீன்தானா?" நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் விதி. கரையிலிருந்து 9 கடல் மைல் வரை டெக்சஸ் மாநிலத்தின் கடல். அங்கே வருடம் முழுக்கப் பிடிக்கலாம். ஆளுக்கு 4 மீன், குறைந்தது 15 அங்குலம். அதைத் தாண்டினால் ஃபெடரல் கடல். ஆளுக்கு 2 மீன், குறைந்தது 16 அங்குலம், சீசன் நாட்களில் மட்டும். அப்படியென்றால் 9 மைலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கால்வெஸ்டன் பக்கம் கடல் மெதுவாகத்தான் ஆழமாகிறது. நல்ல ஸ்னாப்பர் கூடும் பாறைத் திட்டுகளும் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன.

மெக்சிகோ வளைகுடாவில் ஒரு வருடத்தில் எத்தனை பவுண்டு ஸ்னாப்பர் எடுக்கலாம் என்பதற்கு ஒரு மொத்த அளவு உண்டு. 1976-இல் வந்த மேக்னசன்-ஸ்டீவன்ஸ் மீன்வளச் சட்டத்தை 2006-இல் திருத்தியபோது, இந்த வருடாந்தர வரம்பைக் கட்டாயமாக்கினார்கள். ஸ்னாப்பரில் 51 சதவீதம் தொழில்முறை மீனவர்களுக்கு, 49 சதவீதம் நம்மைப் போல் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு. மீனவர்களுக்கு 2007 முதல் ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனிப் பங்கு. அவரவர் பங்கை வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் கரைக்கு வருவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும், இறக்கும் மீன் எடை போடப்பட்டுப் பதிவாகும்.

நம் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. எத்தனை படகு போனது, எத்தனை மீன் வந்தது என்று யாருக்கும் நேரடியாகத் தெரியாது. மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிடுகிறார்கள். எண்ண முடியாத கூட்டத்தைக் கட்டுப்படுத்த அரசுக்குக் கைவசம் இருந்த ஒரே வழி, நாட்களைக் குறைப்பது. 2007-இல் 194 நாள் இருந்த சீசன் அடுத்த வருடமே 65 ஆனது. 2014-இல் 9. தனியார் படகுகளுக்கு, அதாவது வாடகைக்கு விடாத சொந்தப் படகுகளுக்கு, 2017-இல் முதலில் அறிவித்தது வெறும் 3 நாள்.

இதில் பலருக்குப் புரியாத விஷயம், அந்தக் காலத்தில் மீன் குறைந்துகொண்டு போகவில்லை, பெருகிக்கொண்டிருந்தது என்பதுதான். வரம்பு எடையில் இருக்கிறது. மீன் பெருத்தால் அதே இரண்டு மீனின் எடை கூடும், சுலபமாகவும் மாட்டும், ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு மாநிலங்கள் தங்கள் கடலில் நீண்ட சீசன் விட்டன. அங்கே பிடித்ததும் அதே 49 சதவீதத்தில்தான் கழியும், ஆகவே ஃபெடரல் கடலுக்கு மிஞ்சுவது இன்னும் குறையும். மூன்றே நாள் என்றால் காற்று எப்படி இருந்தாலும் ஜனம் கிளம்பும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு 22 அடிப் படகில் நாலடி அலைக்குள் போகிற நிலையை ஒரு விதிமுறை உண்டாக்குகிறது என்றால், அந்த விதிமுறை சரியில்லை.

சரி, எதிர்ப்பு வலுத்ததும் என்ன செய்தார்கள்? அதே 2017-இல் மத்திய வணிகத் துறை இன்னொரு 39 நாள் சேர்த்தது. வரம்பு தாண்டிப்போகும், மீன்வளம் மீள்வது ஆறு வருடம் வரை தள்ளிப்போகலாம் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. படகுத்துறையில் பலர் கொண்டாடினார்கள். எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நம் பிள்ளைகள் பிடிக்க வேண்டியதை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டோம்.

2018-இல் சோதனையாகவும் 2020 முதல் நிரந்தரமாகவும் பொறுப்பை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தனியார் படகுகளின் பங்கில் ஃபுளோரிடாவுக்கு ஏறக்குறைய 45 சதவீதம், டெக்சஸுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். அவரவர் பங்கை அவரவர் எண்ணி, சீசன் நாட்களையும் அவரவரே முடிவு செய்யலாம். இது நல்ல மாற்றம் என்பேன். அதுவரை இருந்த ஃபெடரல் கணக்கெடுப்பு இரண்டிரண்டு மாதமாக மதிப்பிடுவது. மூன்று நாள் சீசனை அதை வைத்து அளக்கவே முடியாது. டெக்சஸ் 1974 முதலே படகுத்துறையில் ஆள் நிறுத்தித் தானே கணக்கெடுக்கிறது.

இதற்கிடையில் 2021-இல் ஒரு பெரிய செய்தி. டெக்சஸ் ஏ அண்டு எம் கார்பஸ் கிறிஸ்டியில் உள்ள ஹார்ட் ஆய்வு நிறுவனம் தலைமையில் விஞ்ஞானிகள் சேர்ந்து ஸ்னாப்பரை எண்ணி, அமெரிக்கப் பக்க வளைகுடாவில் சுமார் 11 கோடி மீன் இருப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மதிப்பீடு அதில் மூன்றில் ஒரு பங்குதான். உடனே "பார்த்தீங்களா, மீன் நிறைய இருக்கு, திறந்து விடுங்க" என்று குரல். ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி பாறையோ மேடையோ இல்லாத, யாரும் சரியாக வரைபடம் போடாத வெற்றுத் தரையில் சிதறிக் கிடக்கும் மீன். நாம் போவதோ ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த அதே மேடை, அதே மூழ்கிய கப்பல். அங்கே மேலும் மேலும் எடுத்தால் அந்த இடம் காலியாகத்தான் போகும். ஸ்னாப்பர் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது; பெரிய தாய் மீன் ஒன்று போடும் முட்டை, சின்ன மீனைவிடப் பல மடங்கு. 11 கோடி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவசரப்படக் கூடாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஐஸ்பெட்டிக்குள் போகும் இரண்டு மீனை யாராவது எண்ணலாம். திருப்பி விடும் மீனை யார் எண்ணுவது?

200 அடி ஆழத்தில் இருக்கும் மீனை மேலே இழுத்தால் அழுத்தம் ஏழில் ஒரு பங்காகிவிடும். அதன் காற்றுப்பையில் இருக்கும் வாயு அந்த அளவுக்கு விரியும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியே வெளியே தள்ளும். பலர் அந்த இரைப்பையைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்தி விடுகிறார்கள். அது மீனைக் கொல்வதற்குச் சமம். குத்தாமல் அப்படியே தண்ணீரில் விட்டாலும் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். டால்ஃபினும் சுறாவும் படகையே சுற்றிக்கொண்டிருப்பது அதற்காகத்தான். இரண்டு மீன் கிடைத்த பிறகும் இன்னும் பெரியது வேண்டும் என்று பிடித்துப் பிடித்துத் திருப்பி விடும் படகுகளை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அவர்களிடம் இருப்பது ஆளுக்கு இரண்டு. கடலில் செத்தது எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இல்லை.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டிசெண்ட் சட்டம் இதற்காகத்தான் வந்தது. வாயுவை வெளியேற்றும் ஊசியோ, மீனை ஆழத்துக்குக் கொண்டுபோய் விடும் கருவியோ, தூண்டில் போடும்போதே தயார் நிலையில் படகில் இருக்க வேண்டும் என்றது. எங்கள் படகில் இருப்பது இரண்டாவது வகை. மீனின் கீழுதட்டைக் கவ்விக்கொள்ளும், அடியில் மூன்று பவுண்டு ஈயம். நாம் குறித்த ஆழம் வந்ததும் அழுத்தத்தை உணர்ந்து கவ்வி தானாக வாயைத் திறக்கும். இழுவை குறைந்து ஈயம் மட்டும் தொங்கும்போது மீன் போய்விட்டது என்று தெரியும். ஒரு நிமிட வேலை. அதற்காக ஒரு தூண்டிலைத் தனியாகவே கட்டி வைத்துவிட வேண்டும். மீன் கைக்கு வந்த பிறகு பெட்டிக்குள் தேடினால் காரியம் கெட்டது. அப்புறம், இயற்கை இரை போட்டால் ஸ்டெயின்லெஸ் அல்லாத, நுனி உள்பக்கம் வளைந்த வட்டத் தூண்டில் முள்தான் போட வேண்டும். அது வாயோரத்தில் மாட்டும், மீன் விழுங்காது.

கணக்கு விஷயத்தில் அலபாமா நமக்கு முன்னால் போய்விட்டது. 2014 முதல் அங்கே ஸ்னாப்பர் இறக்கும் ஒவ்வொரு படகும் பதிவு செய்தாக வேண்டும். மிசிசிப்பியில் கிளம்பும் முன்பே பயண எண் வாங்க வேண்டும். டெக்சஸுக்கு ஐஸ்னாப்பர் என்ற செயலி வந்தது, விருப்பப்பட்டால் பதியலாம் என்ற அளவில். வாடகைப் படகுகளுக்கு 2021-இல் வந்த மின்னணுப் பதிவுத் திட்டத்தை, இருப்பிடத்தைக் கண்காணிக்கும் கருவி அதில் கட்டாயம் என்ற சிக்கலால், 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கேப்டன்களின் அந்தரங்கம் பற்றிய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணிக்கை வேண்டாம், நாட்கள் மட்டும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. பதிவை டெக்சஸும் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. திருப்பி விட்ட மீனுக்கும் அதில் ஒரு கட்டம் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது இருக்கிறது. படகுத்துறையில் அளவுகோலோடு நிற்கும் மாநில ஊழியரைப் பார்த்ததும் களைப்பாக இருக்கிறது என்று நழுவாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள். எத்தனை திருப்பி விட்டீர்கள் என்று கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வளைகுடாவில் எண்ணெய் கொட்டிய டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தின் இழப்பீட்டுப் பணத்தில் நடக்கும் "ரிட்டர்ன் எம் ரைட்" திட்டத்தில் சின்ன இணையப் பயிற்சி ஒன்று உண்டு. வளைகுடாவில் தூண்டில் போடும் 18 வயது ஆனவர்கள் முடித்தால், மீனை இறக்கும் கருவியை இலவசமாக அனுப்புகிறார்கள். எங்கள் குழுவில் இன்னும் முடிக்காதவர்கள் மே மாதத்துக்குள் முடித்துவிட்டு எனக்கு ஒரு செய்தி போடுங்கள். யார் படகில் எத்தனை கருவி இருக்கும் என்று பார்த்துத்தான் ஆட்களைப் பிரிக்கப் போகிறேன்.