ஒன்பிளஸ் 6-இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்

2018-இல் வெளிவந்த ஒன்பிளஸ் 6 கைபேசி ஒன்று என் மேசை இழுப்பறையில் ஈராண்டாகச் சும்மா கிடந்தது. அதிகாரப்பூர்வப் புதுப்பிப்புகள் ஆண்ட்ராய்டு 11-உடன் நின்றுவிட்டாலும், அதன் ஸ்னாப்டிராகன் 845 சில்லுக்கு லினக்ஸின் முதன்மைக் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையக்கரு) ஆதரவு இருப்பதால், ஆல்பைன் லினக்ஸ் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்ட, கைபேசிகளுக்கான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இயங்குதளத்தை அதில் நிறுவிப் பார்க்க முடிவு செய்தேன்.

இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளிருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் படங்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு மடிக்கணினியில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸை உருவாக்கி நிறுவ உதவும் பிஎம்பூட்ஸ்ட்ராப் என்னும் கருவியை இயக்கி, சாதனத்தின் குறிப்பெயரான 'என்சிலாடா'வையும் (அடுத்து வந்த 6டி-க்கு 'ஃபஹீட்டா'; இரண்டும் உணவுப் பெயர்கள், பெயர் சூட்டியவர் பசியோடு இருந்திருக்க வேண்டும்) ஃபோஷ் என்னும் தொடுதிரை இடைமுகத்தையும் தேர்ந்தெடுத்து, உருவான இமேஜ் கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய கோப்பு), கணினியிலிருந்து கைபேசியில் எழுதும் ஃபாஸ்ட்பூட் கருவி வழியே ஏற்றினேன். ஆண்ட்ராய்டுக்கான வன்பொருள் விவரங்கள் இருக்கும் டிடிபிஓ என்னும் சேமிப்பகப் பகுதியை அழிக்க வேண்டும் என்ற வழிகாட்டி வரியை அவசரத்தில் நான் தாண்டிவிட்டதால், முதல் முறை கைபேசி எழும்பவே இல்லை. அதை அழித்த பின்னரே முகப்புத் திரை வந்தது.

யூஎஸ்பி வடத்தை இணைத்து, மடிக்கணினியிலிருந்து கைபேசியின் 172.16.42.1 என்னும் முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே நுழைந்தபோதுதான், கையில் இருப்பது முழுமையான லினக்ஸ் கணினி என்பது உறைத்தது. ஆண்ட்ராய்டுக்கென எழுதப்பட்ட வங்கிச் செயலிகள் இதில் நேரடியாக இயங்கா என்பதால், அன்றாடக் கைபேசியாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு வைஃபையில் கோப்புகளைப் பகிரும் சிறு சர்வராக அது இப்போது என் புத்தக அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.