இரவு இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடும்போது

நர்ஸுக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்; டாக்டருக்கோ முதல் வரியிலேயே விஷயம் வேண்டும். "மத்தியானம் நல்லாத்தான் இருந்தார்..." என்று தொடங்கினால், தூக்கத்தில் போன் எடுத்தவருக்கு முக்கியமானது காதில் ஏறாது. இதற்கு அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த எஸ்பார் (SBAR) முறை அருமையான மருந்து: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசையில் சொல்வது.

"டாக்டர், ஆறாம் பெட் நோயாளிக்கு பிபி 80/50, பல்ஸ் 124. நேற்று குடல் ஆபரேஷன் ஆனவர். வடிகுழாயில் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி ரத்தம். உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். உடனே வாங்க."

பெரும்பாலும் சறுக்குவது அந்தக் கடைசி வரியில்தான். "கொஞ்சம் பார்த்தா நல்லது டாக்டர்" என்று இழுத்தால், காலையில் பார்க்கலாம் என்றே எதிர்முனையில் அர்த்தமாகும். மரியாதை குரலில் இருந்தால் போதும். போனில் மருந்து சொன்னால் பெயர், அளவு இரண்டையும் எழுதி, அப்படியே திருப்பி வாசித்துக் காட்டுங்கள்.