தெப்பக்குளத்தின் பாதிக் கரை

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைக் காலையில் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கரை ஏறக்குறைய ஆயிரம் அடி. 58 வயதில் அதில் பாதியைக்கூட என்னால் தாண்ட முடியாமல் போயிற்று. வலது கெண்டைக்கால் கல்லாக இறுகும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும்.

நரம்பு என்றார்கள். தைலமும் சத்து மாத்திரையுமாக நான்கு மாதம் போனது. முதுகுக்கு ஸ்கேன் எடுத்ததுதான் மிச்சம். செருப்பைக் கழற்றச் சொன்னவர் ஐந்தாவதாகப் பார்த்த மருத்துவர்தான். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். இடதில் துடித்தது, வலதில் இல்லை. "வலித்தால் உட்கார வேண்டுமா, நின்றாலே போதுமா?" என்றார். நின்றாலே போதும் என்றேன். தண்டுவடக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்தால்தான், குனிந்தால்தான் ஆறுமாம். இந்த ஒரு கேள்வியை அந்த நால்வரில் ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா!

கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கையில் 150, வலது கணுக்காலில் 90; வகுத்தால் 0.6. அது 0.9-க்குக் கீழே இருந்தாலே காலின் ரத்தக்குழாயில் அடைப்பு என்று கொள்வார்களாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடைத் தமனி சுருங்கியிருந்தது தெரிந்தது.

குழாயில் பாசி பிடிப்பது போல என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். புகையும் சர்க்கரையும் தமனியின் உள்தோலைக் கெடுக்க, கெட்ட கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் கொழுப்பேறி அங்கேயே தங்கிப்போக, சுவர் புடைத்து வழியை அடைக்கிறது. நோயின் ஆங்கிலப் பெயரான அதிரோஸ்கிளிரோசிஸில் உள்ள 'அதிரோ' கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம். முப்பது வருடம், தினம் பத்து சிகரெட் வைத்து நானே காய்ச்சிய கூழ்.

"ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் டாக்டர்" என்றேன். புண் இல்லை, படுத்திருக்கும்போது வலியும் இல்லை, முதலில் நடந்து பாருங்கள் என்று மறுத்துவிட்டார். நன்றாக வலிக்கும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். அரை மணிக்குக் குறையாமல், மூன்று மாதம். கூடவே கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் 40, ரத்தம் கட்டாமலிருக்க க்ளோபிடோக்ரெல் 75 என்று இரண்டு மாத்திரைகள். "இவை காலுக்கு மட்டும் இல்லை. கால் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் இதே நோய் இருக்கலாம்" என்றதும் கூட வந்திருந்த மனைவியின் முகம் மாறிவிட்டது. வீட்டிலிருந்த சிகரெட் பெட்டிகள் அன்றிரவே காணாமல் போயின. பதினேழாம் நாள் கடையில் திருட்டுத்தனமாக ஒன்று பிடித்தேன். அதுதான் கடைசி.

முதல் வாரம் அழுகையே வந்தது. பாதிக் கரைக்கு ஒருமுறை மதில்மேல் கைவைத்து, குளத்தை ரசிப்பவன்போல நிற்பேன். மூன்றாம் மாத முடிவில் இரண்டு கரைகளை நிற்காமல் கடந்தேன். கணுக்கால் கணக்கு மட்டும் அதே 0.6. அடைப்பு அப்படியேதான் இருக்கிறதாம்; கிடைக்கும் ரத்தத்தை வைத்துப் பிழைக்கத் தசை பழகிக்கொண்டிருக்கிறது.