ஐ.நா. அமைதிப் பணிக்கு மருத்துவராகப் போக நினைக்கிறவர்களுக்கு, நாகர்கோவிலிலிருந்து

தெற்கு சூடானில் ஐ.நா. தன்னார்வ மருத்துவராக வேலை பார்த்துத் திரும்பிய பிறகு, நம் மாவட்டத்து இளம் மருத்துவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எப்படிப் போனீர்கள்? அதை விரிவாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எப்படிப் போவது என்பதற்கு முன்னால், அங்கே யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அமைதிப் பணி நடத்தும் மருத்துவமனைகள் அந்த நாட்டு மக்களுக்கான பொது மருத்துவமனைகள் அல்ல. அங்கே வேலை செய்யும் படைவீரர்கள், காவலர்கள், அலுவலர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரின் உடல்நலத்தைப் பார்ப்பதுதான் அவற்றின் முதல் கடமை. உயிருக்கு ஆபத்தான நிலையில் ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டுவந்தால், கையில் இருக்கும் வசதிக்கு ஏற்பப் பார்ப்போம். தினமும் வரிசையில் உட்கார்ந்திருப்பது நம் சக ஊழியர்கள்தான். அகதி முகாமில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளே சரியான இடம். அவர்களுக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, தேர்வு முறையும் வேறு.

நான் இரண்டையும் யோசித்துத்தான் ஐ.நா. பக்கம் போனேன். தெற்கு சூடானில் முகாம்களிலிருந்து விறகு பொறுக்கப் போகும் பெண்கள், ரோந்து வரும் வீரர்களை நம்பித்தான் வெளியே கால் வைக்கிறார்கள். மலேரியாவில் விழுந்த வீரர் எழுந்து ரோந்துக்குப் போனால் அந்தப் பெண்கள் பத்திரமாகத் திரும்புவார்கள். அந்த வீரரை எழுப்பிவிடுவது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

தூரத்திலிருந்து வந்து வைத்தியம் பார்த்தவர்களை நம் மாவட்டம் நன்றாக அறியும். 1922-இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டு இங்கே வந்து சேர்ந்தார். என் பாட்டி அவர் பெயரைச் சொந்தக்காரர் பெயர்போலச் சொல்வாள். இந்தியாவிலிருந்து வெளியே போனவர்களும் உண்டு. கொரியப் போருக்கு 1950-இல் இந்தியா அனுப்பியது சண்டைப் படையை அல்ல, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் அதற்குத் தலைமை தாங்கினார். இந்திய மருத்துவர்கள் ஐ.நா.வின் பெயரால் வெளிநாடு போவது அப்படிப் பழைய வழக்கம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். ராணுவத்தில் இல்லாத மருத்துவருக்கு மிக நேரான வழி ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். இணையத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு தளம்தான், பதிவு இலவசம். பணம் கேட்டு யாராவது ‘ஏஜென்ட்’ என்று வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். வளைகுடா வேலைக்குக் காசைக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். சர்வதேச நிபுணத்துவத் தன்னார்வலர் என்ற பிரிவுக்கு வயது 27 ஆகியிருக்க வேண்டும். மருத்துவ அதிகாரி இடங்களுக்கு எம்.பி.பி.எஸ்., செல்லுபடியாகும் பதிவு, சில ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அவசர சிகிச்சை அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். இதய நிறுத்தம், விபத்துக் காயம் ஆகியவற்றுக்கான உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள் காலாவதியாகாமல் இருக்கட்டும்.

எனக்கு நிஜமாகவே தலைவலி கொடுத்தது பெயர். தமிழர்கள் எல்லாருக்கும் இது வரும் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பட்டச் சான்றில் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகக் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. மருத்துவக் கவுன்சில் பதிவில் ஒருவிதம், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயரோடு இன்னொருவிதம். ஐ.நா. தளத்தில் முதல் பெயரும் குடும்பப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறகு கல்வித் தகுதியைச் சரிபார்ப்பவர்கள், பட்டம் பெற்றவரும் விண்ணப்பித்தவரும் ஒரே ஆள்தானா என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. நோயாளியைத் தொடப்போகிற ஒருவரின் அடையாளம் உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று தாசில்தார் அலுவலகச் சான்று, நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம், இரண்டுக்கும் ஆங்கில நகல் என்று ஒரு கோப்பே சேர்ந்தது. இதற்கிடையே வேறோர் அலுவலகத்தில் என் காகிதங்கள் மேசை மாறி மாறிப் போய், கடைசியில் யாருக்கும் தெரியாத ஒரு அலமாரியில் கிடந்தன. அங்கே ஒரு பெண் ஊழியர் மதிய உணவைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று, பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகக் காவல்துறைச் சான்று இவையும் வேண்டியிருந்தன. அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நான் தனியார் மருத்துவமனையில் இருந்ததால் அந்த வேலை இல்லை.

நேர்முகம் இணையவழியில்தான். அதில் பாதி மருத்துவம். மூளையைத் தாக்கிய ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு முதலில் என்ன கொடுப்பீர்கள்? ஊசி குத்தி ரத்தம் பட்ட ஊழியருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எத்தனை மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்? மழையில் ஹெலிகாப்டர் வர முடியாத நிலையில் வயிற்றில் குண்டடி பட்டவரை எப்படி வைத்திருப்பீர்கள்? இவற்றை நம்மால் சொல்லிவிட முடியும். மீதிப் பாதிதான் நமக்குப் பழக்கமில்லாதது. நீங்கள் வாழ்க்கையில் உண்மையாகச் சந்தித்த ஒரு நிலைமையைச் சொல்லச் சொல்வார்கள். அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். ‘டீமாகச் செய்தோம்’ என்று பணிவாக ஒதுங்கினால் அவர்களுக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் ஒக்கிப் புயலைச் சொன்னேன். 2017 நவம்பர் 30. மரம் விழுந்து மண்டை உடைந்தவர்கள், கூரை ஓடு கிழித்தவர்கள் என்று விடியுமுன்பே வரத் தொடங்கினார்கள். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. யாரை முதலில் உள்ளே எடுப்பது, எந்த ஆக்சிஜன் சிலிண்டரை யாருக்கு ஒதுக்குவது என்று வாசலில் நின்று பிரித்து அனுப்பியது நான். அடுத்த நாட்களில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் போனபோது காயம் எதுவும் இல்லாத நோயாளிகளைப் பார்த்தேன். கடலுக்குப் போன கணவனும் மகனும் திரும்பாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கரையில் கிடந்த பெண்கள். அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், கஞ்சி குடிக்க வைத்தேன், தூக்கமில்லாமல் கிடந்தவர்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். இதைச் சொல்லி முடித்தபோது திரையில் இருந்த மருத்துவர் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டார். நம் மாவட்டத்துக் காஷுவாலிட்டியில் இரவுப் பணி பார்த்த எவருக்கும் இந்த நேர்முகத்துக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தேர்வானபின் மருத்துவப் பணியாளர்களுக்கு ஐ.நா.வின் மருத்துவப் பிரிவு தனியாகத் தகுதி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதோடு நம் உடல் பரிசோதனை. என் ஈ.சி.ஜி.யில் ஒரு சின்ன மாறுபாட்டைப் பார்த்து எக்கோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியதும் சரி என்றார்கள். பிசேஃப் என்ற பாதுகாப்புப் பாடத்தை இணையத்தில் முடிக்க வேண்டும். அது யாருக்கும் திறந்திருக்கிறது, இன்றே படிக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான். நான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டேன். பயணத்துக்கு குறைந்தது 10 நாளுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை எழுதித் தருவார்கள். 2016-லிருந்து அந்தச் சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். மற்ற தடுப்பூசிகளை நாகர்கோவிலிலேயே முடித்தேன். அவற்றில் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பும் உண்டு.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இது சம்பளம் அல்ல, மாத வாழ்க்கைப் படி. அங்கே இருக்கவும் சாப்பிடவும் தாராளமாகப் போதும், காப்பீடும் பயணச் செலவும் அவர்களுடையது. ஆனால் இங்கே வீட்டுக் கடன், கிளினிக் கடன் இருப்பவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். தெற்கு சூடானுக்குக் குடும்பத்தை அழைத்துப் போகவும் முடியாது.

குடும்பம் என்றதும் அம்மா. “ஏன் மக்களே, நம்ம ஊருல நோயாளி இல்லியா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே நான் இல்லாவிட்டால் என் இடத்தில் உட்கார இன்னொரு மருத்துவர் உண்டு, அங்கே அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. என் கணவர் பள்ளி ஆசிரியர். “பிள்ளையள நான் பாத்துக்கிடலாம், நீ போயிட்டு வா” என்றார். அந்த ஒரு வரி இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. துபாய்க்கு நர்ஸாகப் போகும் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்விகளை உறவுக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பையும் என் கணவரே எடுத்துக்கொண்டார்.

திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடா வழியாக உகாண்டாவின் எண்டெபே. அங்கே ஐ.நா.வுக்குப் பெரிய தளம் இருக்கிறது. அங்கிருந்து ஐ.நா. விமானத்தில் ஜூபா. 2011 ஜூலை 9-இல் சுதந்திரம் பெற்று, 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போரில் விழுந்த நாடு. ஜூபாவில் பாதுகாப்புப் பயிற்சி, வண்டி ஓட்டும் தேர்வு, வயர்லெஸ் கருவியில் பேசும் முறை எல்லாம் முடித்து, ஜோங்லேய் மாநிலத்தில் ‘போர்’ (Bor) என்ற பெயருள்ள நகரத்துக்கு அனுப்பினார்கள். நைல் ஓரத்து ஊர். மழைக்காலத்தில் கரிசல் சேறு வண்டிச் சக்கரத்தை விடாது. கன்டெய்னர் வீடு. சந்தையில் மரச்சீனிக் கிழங்கைப் பார்த்த அன்று வீட்டுக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசினேன்.

எங்களுடையது முதல் நிலை கிளினிக். மலேரியா, வயிற்றுப்போக்கு, முதுகுவலி, மூத்த ஊழியர்களின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும், தூக்கமின்மை. ருவாண்டா, நேபாளம், எத்தியோப்பியா என்று பல நாட்டுக்காரர்கள். 10-1-2 என்ற விதி அங்கே சுவரிலும் மனதிலும் எழுதியிருக்கும்: காயம்பட்ட 10 நிமிடத்தில் முதலுதவி, 1 மணி நேரத்தில் மேல்சிகிச்சை, 2 மணி நேரத்தில் அறுவை. சேறும் இருட்டும் அந்தக் கணக்கைக் குலைக்கும்போது, நாம் கட்டிய கட்டும் ஏற்றிய சலைனும்தான் நோயாளிக்கு நேரம் வாங்கித் தரும். இங்கே படித்த சிலவற்றை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். நம் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அதை நம்பக் கூடாது.

அறுவை வேண்டியவர்களை அனுப்பும் இரண்டாம் நிலை மருத்துவமனையை அந்த ஊரில் அப்போது நடத்தியது இலங்கை ராணுவ மருத்துவர்கள். தமிழச்சியான எனக்கு அதில் தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. முதல் அவசர நோயாளியை இரவில் நாங்கள் இரு பக்கமும் பிடித்துத் தூக்கியபோது பேச்சு முழுக்க அவருடைய ரத்த அழுத்தத்தைப் பற்றியதாகவே இருந்தது. அப்படியே வேலை ஓடியது. என் மற்ற கேள்விகள் என்னோடு அப்படியேதான் இருக்கின்றன.

ஒருநாள் பிரசவமாகி ரத்தம் நிற்காத ஒரு பெண்ணை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். விதிப்படி அவள் எங்கள் நோயாளி அல்ல. உயிர் போகிற நிலை என்பதால் எடுத்தோம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கை பழகிய வேலை: கருப்பையைப் பிடித்து இறுக்கி, ஆக்சிடோசின் ஏற்றி, ரத்தம் குறைந்ததும் மாநில மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் நலம் என்று உள்ளூர் சிஸ்டர் வந்து சொன்னார்.

இப்போது போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.நா.வில் பணப் பற்றாக்குறை கடுமை. மாலி நாட்டுப் பணி 2023-இல் மூடப்பட்டது, 2025-இல் மற்ற பணிகளிலும் ஆள் குறைப்பு அறிவித்தார்கள். இடங்கள் குறையும். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்காமல் மற்ற அமைப்புகளுக்கும் விண்ணப்பியுங்கள். பிரெஞ்சு தெரிந்தால் காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்று வாய்ப்பு விரியும். மருத்துவர்களுக்கு மட்டுமான வழியும் அல்ல இது. நர்ஸ், லேப் டெக்னீசியன் இடங்களும் அதே தளத்தில் வருகின்றன. கருங்கல் பக்கத்து நர்ஸ் ஒருவர் என்னோடு உட்கார்ந்து தன் விவரங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய சான்றுகளிலும் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது, முதலில் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.